குரூப்பில் எழுதியது மேலாளர் மேசையில்: யார் கொடுத்தது என்று தேடலாமா?

இரவு ஷிஃப்ட் (கேள்வி)

ஒரு கிடங்கில் ஒன்பது வருடமாக இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். எங்களுக்கென்று ஒரு குரூப் இருக்கிறது. 43 பேர், நான்தான் அட்மின். நிர்வாகத்து ஆட்கள் யாரும் அதில் இல்லை. யாருக்கு லீவு வேண்டும், யாரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளலாம், எந்தத் தள்ளுவண்டியின் சக்கரம் சிக்குகிறது, இதெல்லாம்தான் அதில் ஓடும்.

போன மாதம் எங்களில் ஒருவர் இரவு 11.40-க்கு ஒரு செய்தி போட்டார். பின்பக்க அவசரக் கதவைச் சங்கிலி சுற்றிப் பூட்டியிருக்கிறார்கள், சாவி பாதுகாப்பு அறையில் இருக்கிறது, ராத்திரியில் அந்த அறையிலும் ஆள் இருப்பதில்லை, தீப்பிடித்தால் நாம் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டிருந்தார். சரக்கு களவு போகிறது என்றுதான் பூட்டினார்கள், அது எங்களுக்கும் தெரியும். அவர் கொஞ்சம் சூடாகவும் நாலு வார்த்தை எழுதியிருந்தார், அதை மறைக்கவில்லை.

மூன்றே நாளில் மேலாளர் அவரைக் கூப்பிட்டுவிட்டார். துணைக்கு நானும் போனேன். மேசைமேல் ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கறுப்பு வெள்ளை அச்சு. செய்தி ஒரு எழுத்துக்கூட மாறாமல் அப்படியே இருந்தது. கீழே 11:40 என்று நேரம், அதற்குப் பக்கத்தில் இரண்டு டிக். அவர் பெயர்கூட அதில் எங்கேயும் இல்லை. "பெயரே இல்லையே, இவர்தான் எழுதினார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நான் கேட்டேன். "எங்களுக்குத் தெரியும்" என்றார். எச்சரிக்கைக் கடிதத்தோடு வெளியே வந்தோம்.

அன்றிலிருந்து குரூப்பில் பேச்சு மூச்சு இல்லை. காலை வணக்கம் படம் வருகிறது, பிறந்தநாள் வாழ்த்து வருகிறது, அவ்வளவுதான். போன வாரம் கட்டுப்பட்டை அறுந்து ஒருவருக்குக் கையில் நல்ல அடி. முன்பெல்லாம் அந்த நிமிடமே படத்தோடு வந்திருக்கும், "அந்த லாட் பட்டையை யாரும் தொடாதீர்கள்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். இந்தத் தடவை ஒரு வரி இல்லை. கை கழுவுகிற இடத்தில் நின்று காதோடு காதாகச் சொன்னார்கள். எனக்கே மறுநாள்தான் தெரிந்தது.

காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். அவர் வாரத்துக்கு இரண்டு தடவை மேலாளர் அறைக்குப் போகிறவர். சரக்குக் கணக்கை ஒப்படைக்கப் போகிறேன் என்கிறார். இருக்கலாம். ஆனாலும் நான் அவரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது ஒரு நண்பர் யோசனை சொல்கிறார். ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பு, ஒருவருக்கு ஒரு கமா, இன்னொருவருக்கு ஒரு முற்றுப்புள்ளி, வேறொருவருக்கு ஒரு சொல் என்று மாற்றி வை, எந்த வடிவம் மேலாளரிடம் போகிறதோ அந்த ஆள் மாட்டினான் என்கிறார். கேட்டபோது நல்லதாகத்தான் பட்டது. நேற்று உட்கார்ந்து 42 பேருக்கும் பட்டியல் போட ஆரம்பித்தேன். ஏழாவது பெயரில் கை நின்றுவிட்டது. அவர் என் அப்பா வயது, என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர்.

இப்படிச் செய்யலாமா? அப்புறம் இன்னொன்று. செய்தி பூட்டியே போகிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்று செயலியே சொல்கிறதே, பிறகு எப்படி வெளியே போனது?

நேர்ப்பேச்சு

தயங்காமல் செய்யுங்கள். ஒருத்தன் செய்த காரியத்துக்கு 42 பேர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். அவன் யார் என்று தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு மறுபடியும் பேசத் தைரியம் வரும். தெரியாத வரைக்கும் பக்கத்தில் நிற்கிற எல்லோர்மேலும் சந்தேகம்தான்.

ஓய்வுபெற்ற தபால்காரர்

தம்பி, நான் 34 வருடம் தபால் பிரித்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கடிதத்துக்குள் அடையாளம் வைத்து ஆளைப் பிடிக்கிற வேலை புதிதல்ல. 1844-இல் லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த இத்தாலியர் மாஜினிக்குத் தன் கடிதங்களை யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தது. உறைக்குள் கசகசா விதை, தலைமுடி, மணல் துகள் என்று போட்டு அனுப்பச் சொன்னார். கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது, முத்திரை சரியாக இருந்தது, உள்ளே போட்டது மட்டும் இல்லை. தாமஸ் டன்கோம் என்ற உறுப்பினர் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரஹாம் கையெழுத்திட்ட ஆணையின் பேரில்தான் கடிதங்கள் பிரிக்கப்பட்டன என்று தெரிந்ததும் ஊரே கொதித்தது. அமைச்சர் பெயரையே வினைச்சொல்லாக்கி, 'இதை கிரஹாம் செய்யாதீர்', அதாவது பிரித்துப் படிக்காதீர், என்று உறையில் ஒட்டி அனுப்பினார்கள் ஜனங்கள். தபால் துறைக்குள் இருந்த அந்த ரகசிய அறையையே அந்த வருடம் மூடினார்கள்.

மாஜினி செய்தது எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் விதை போட்டது, தன் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் பிரித்த அரசாங்கத்தைப் பிடிக்க. நீங்கள் உங்களோடு மூட்டை தூக்குகிற ஆளின் கடிதத்தில் போடப் பார்க்கிறீர்கள். 42 பேருக்கும் விதை வைத்தது ஒரு நாள் வெளியே தெரியத்தான் போகிறது. அன்றைக்கு அந்த ஏழாவது மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. திறந்த அஞ்சலட்டையை முதலில் கொண்டுவந்தது ஆஸ்திரியா-ஹங்கேரி, 1869 அக்டோபர் 1-ஆம் தேதி. மலிவு என்பதால் ஓடியது. யார் வேண்டுமானாலும் படிப்பார்களே என்று அப்போதே முணுமுணுத்தார்கள். அட்டையைப் படிக்கக் கூடாது என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனாலும் பிரிக்கும்போது கண் தானாக மேயும். நான் கவனித்த ஒன்று: அட்டையில் எழுதுபவர்கள் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மழை பெய்தது, மாமா வந்துபோனார் என்று கொண்டுபோய், சொல்ல வேண்டிய இடம் வரும்போது 'மற்றவை நேரில்' என்று முடித்துவிடுவார்கள். எத்தனை ஆயிரம் 'மற்றவை நேரில்' பார்த்திருப்பேன்! பக்கத்து மேசைக்காரருக்கும் எனக்கும் அது தெரியும், அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால்தான் முழுக் கடிதமும் இருக்கிறது என்று. உங்கள் குரூப் இப்போது அஞ்சலட்டை ஆகிவிட்டது. கட்டுப்பட்டை அறுந்த சங்கதி 'மற்றவை நேரில்' ஆகிவிட்டது.

கதவு என்ன ஆயிற்று?

முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறதா?

1911 மார்ச் 25, நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. களவு போய்விடும் என்று ஒரு பக்கக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். உங்கள் ஆள் 11.40-க்கு எழுதியது வெறும் புலம்பல் கிடையாது. அதைச் சொன்னதற்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் எல்லோரும் யார் சொன்னது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரவு ஷிஃப்ட்

திறக்கவில்லை. நேற்று ராத்திரிகூடப் பார்த்தேன், சங்கிலி அப்படியே இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது, இந்த ஒரு மாதத்தில் கதவைப் பற்றி நாங்கள் ஒருவருக்கொருவர் பேசவே இல்லை.

எல்லோரும் பொய்ப்பெயரில் வேறு செயலிக்குப் போய்விடலாம் என்றும் இரண்டு பேர் சொல்கிறார்கள். பெயர் இல்லாவிட்டால் யாரும் யாரையும் மாட்டிவிட முடியாதாம். அதுவும் சரிதானா என்று சொல்லுங்கள்.

நூலகப் பெண்

பொய்ப்பெயர் என்றாலே எனக்கு ஒரு காலத்தில் எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பு பெயர் தெரியாத ஒரு கணக்கிலிருந்து என் கைபேசி எண்ணை ஒரு அசிங்கமான வரியோடு பொதுவில் போட்டார்கள். முதல் அழைப்பு நள்ளிரவு தாண்டி வந்தது. விடிவதற்குள் அறுபதுக்கு மேல். எண்ணை மாற்றினேன். வங்கி, பிள்ளையின் பள்ளி, மருத்துவர் என்று ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கி மாற்றவே ஒன்றரை மாதம் ஆனது. இணையத்தில் எழுதுகிற எல்லோரும் அடையாள அட்டை காட்டித்தான் எழுத வேண்டும் என்று அப்போது யார் கேட்டாலும் சொல்வேன்.

தென்கொரியா அதைச் செய்தே பார்த்தது. பெரிய தளங்களில் கருத்து எழுத உண்மைப் பெயரைப் பதிய வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. 2011-இல் அங்கே ஒரு பெரிய தளத்துக்குள் புகுந்து ஏறக்குறைய 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2012-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரே ஒரு எண் வெளியே போனதற்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் பெயரை வாங்கி வைத்தார்கள், கடைசியில் எல்லோருடைய பெயரும் எண்ணும் களவு போனது.

என் எண்ணைப் போட்டவன் இன்றைக்குக் கிடைத்தாலும் நான் விடமாட்டேன். ஒருவனைப் பிடிக்க விசாரணை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, மெதுவாக நடந்தாலும் அதுதான் வழி. அவனுக்காக எல்லோர் பெயரையும் முன்கூட்டியே வாங்கி வைப்பதில் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் குரூப் விஷயம் வேறு. 43 பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். 'பட்டையைத் தொடாதே' என்று பெயர் தெரியாத ஒருவர் எழுதினால் யார் நம்புவார்கள்? எந்த லாட் என்று யாரிடம் திருப்பிக் கேட்பார்கள்? அங்கே பெயர் வேண்டும். அதே செய்தி தீயணைப்புத் துறைக்கோ தொழிலாளர் துறைக்கோ போகும்போது எழுதியவர் பெயர் நிர்வாகத்துக்குத் தெரியக் கூடாது.

குரூப் அடங்கிப் போனதற்கு ஒரு வார்த்தை. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் மூலம் அமெரிக்க அரசின் கண்காணிப்பு வெளியே வந்தது. அதற்குப் பிறகு பயங்கரவாதம் தொடர்பான விக்கிப்பீடியா கட்டுரைகளைத் திறந்து படிப்பது குறைந்துபோனது என்று ஜான் பென்னி என்ற ஆய்வாளர் 2016-இல் காட்டினார். அவர்கள் எதையும் எழுதக்கூட இல்லை, வெறுமனே படிப்பதற்கே தயங்கினார்கள். நூலகத்தில் இதை நான் நேரில் பார்க்கிறேன். நோயைப் பற்றிய புத்தகம், மணமுறிவுச் சட்டம் பற்றிய புத்தகம் எல்லாம் மேசைக்கு வரும்போது இரண்டு கதைப் புத்தகங்களுக்கு நடுவில் செருகி வரும். நான் அட்டையைப் பார்க்காமலேயே பதிந்து கொடுப்பேன்.

கம்பி வேலை

எல்லோரும் மனிதர்களைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் அந்தத் தாளைப் பற்றிப் பேசுகிறேன். கேள்வியை மூன்று தடவை படித்தேன், ஒரு இடத்தில் தடுக்குகிறது.

அண்ணே, அந்தத் தாளில் அவர் பெயர் இல்லை, இரண்டு டிக் மட்டும் இருந்தது என்கிறீர்கள். இப்போதே உங்கள் கைபேசியில் குரூப்பைத் திறந்து பாருங்கள். மற்றவர்கள் எழுதியது இடது பக்கம் நிற்கும், மேலே அவர்கள் பெயர் இருக்கும், டிக் இருக்காது. நீங்கள் எழுதியது வலது பக்கம் நிற்கும், பெயர் இருக்காது, டிக் இருக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குச் சொல்வதற்குத்தான் அந்த டிக். 43 பேரில் யார் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாலும் பெயர் இருந்திருக்கும், டிக் இருந்திருக்காது.

டிக் இருந்ததென்றால் அந்தப் படம் எழுதியவரின் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்தது. அவர் கைபேசியை யாராவது வாங்கினார்களா? இல்லையென்றால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: வேலை இடத்துக் கணினி எதிலாவது எப்போதாவது கணக்கை இணைத்தாரா? அமைப்புகளில் 'இணைத்த சாதனங்கள்' என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டு பற்றிக் கேட்டீர்கள். அது உண்மையான பூட்டுதான். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் அதைக் கொண்டுவந்தது, முறை சிக்னல் செயலியை உருவாக்கியவர்களுடையது. அதே 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக சிக்னலிடம் பயனர் விவரம் கேட்டு ஆணை வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது, இந்த இரண்டும்தான். வேறு எதையும் அவர்கள் சேமித்து வைக்கவே இல்லை. எல்லாச் செயலியும் இப்படி இல்லை. செய்தியைப் படிக்க முடியாவிட்டாலும் யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை பேசினார்கள் என்பதைச் சேர்த்து வைக்கிற செயலிகள் உண்டு. ஒருவர் நள்ளிரவில் நிருபர் ஒருவருக்கு மூன்று தடவை பேசினார் என்று தெரிந்தால் என்ன பேசினார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பூட்டு வழிநெடுகத்தான். இரண்டு முனையிலும் செய்தி திறந்தே இருக்கும், இல்லாவிட்டால் நீங்களே படிக்க முடியாது. 43 பேர் என்றால் 43 முனை என்று நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கோடு நான்கு சாதனம் வரை இணைக்கலாம். அத்தனையும் முனைதான். மேகத்தில் ஏற்றி வைக்கும் பேக்கப் வேறு இருக்கிறது, அதற்கான பூட்டை நாமேதான் போட வேண்டும், நிறையப் பேர் போடுவதில்லை.

பொறி வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். அவருக்கென்று நீங்கள் அனுப்பிய வடிவம் அதே கணினியில் தெரிந்திருக்கும், அதுவே மேலாளரிடம் போயிருக்கும். கடிதம் வாங்கியவரையே காட்டிக்கொடுத்தவர் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரவு ஷிஃப்ட்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

கடிதத்தோடு அந்தத் தாளின் நகல் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். அவர் வீட்டில் வைத்திருந்தார். நேற்று வேலைக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். செய்திப் பெட்டி தாளின் வலது ஓரத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டு டிக். அன்றைக்கு மேலாளர் அறையில் நானே அதைத்தான் பிடித்துக்கொண்டு பெயர் இல்லையே என்று வாதாடினேன், அது எதைச் சொல்கிறது என்று தெரியாமல்.

அவர் கைபேசியைத் திறந்தார். இணைத்த சாதனங்களில் ஒரே ஒரு வரி, ஒரு கணினி. கடைசியாக இயங்கியது அன்று காலை 6.12. ஷிஃப்ட் அறையில் வருகைப் பதிவுக்கு வைத்திருக்கிற கணினி அது, எல்லோரும் தொடுவது. எங்கள் ஷிஃப்ட் அட்டவணையை அச்செடுக்க ஏழெட்டு மாதத்துக்கு முன்பு அவர் இணைத்திருக்கிறார். அட்டவணையை எடுக்கச் சொன்னதே நான்தான். வேலை முடிந்ததும் உலாவியை மூடியிருக்கிறார், லாக்அவுட் செய்யவில்லை. மூடினால் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார், என்னைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த வரியை அழுத்தி வெளியேற்றினார். பிறகு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. இந்த ஏழெட்டு மாதத்தில் மனைவிக்கு எழுதியதும் அதில்தான் இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

நான் எடுத்துவிட்ட ஆளைக் குரூப்பில் மறுபடி சேர்த்தேன். நடந்ததை முழுக்க எழுதி, தப்பு என்னுடையது என்றும் போட்டேன். இரண்டு நிமிடத்தில் அவரே வெளியேறிவிட்டார். போன் போட்டேன், எடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர்

தம்பி, கணினியைத் திறந்து விட்டுப் போனது உங்கள் நண்பரின் கவனக்குறைவு, அதோடு சரி. பிரிந்து கிடந்தாலும் அடுத்தவர் கடிதம் அடுத்தவர் கடிதம்தான். உறை கிழிந்து எத்தனையோ கடிதங்கள் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. ஒட்டி, முத்திரை வைத்து அனுப்பிவிடுவோம். அதை உட்கார்ந்து படித்து அச்செடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஆளிடம் இதைச் சொல்லுங்கள், அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

இரவு ஷிஃப்ட்

சொன்னேன் ஐயா. கேட்டுக்கொண்டார்.

எல்லோரையும் தங்கள் கைபேசியைப் பார்க்கச் சொன்னோம். இன்னும் மூன்று பேருடைய கணக்கு அதே கணினியில் இருந்தது. நேற்று ராத்திரி ஒருவர் அறுந்த கட்டுப்பட்டையின் படத்தை குரூப்பில் போட்டார், லாட் எண்ணோடு. அதற்குக் கீழே பதினோரு பதில் வந்தது.

கதவைப் பற்றித் தீயணைப்புத் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம், சங்கிலியின் படமும் சேர்த்து. எழுதியவர்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறோம். இதுவரை 26 கையெழுத்து. போன் எடுக்காதவர் காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வெளியே வருவார். மனுவை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன். முதலில் மன்னிப்புக் கேட்பேன், மனுவைக் கொடுப்பது அப்புறம்தான். கையெழுத்துப் போடுவாரா என்று தெரியவில்லை.